டின்னுக்குத் தலை ஏது?

1

மனிதர்கள் மேல் நான் பொறாமைப்பட்டது ஊரில் உள்ள உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. தொண்டியில் இருந்த காலத்தில் அடுத்த வீட்டுக் கதவில் என் வீட்டுக் கதவைவிட ஓர் ஆணி கூடுதலாக இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒரு தகர டப்பாவின் மேல்கூடப் பொறாமைப்படலாம் என்பதை, கடல் தாண்டி, மலையேறி, பதுளைக் கடைத்தெருவில் கறிக்கடை போட்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன். அக்கரைக்குப் போனால் ஆள் முன்னேறுவான் என்கிறார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. காலையில் என் மனைவி ஜெய்னம்புதான் நினைவுபடுத்தினாள். "பதினெட்டு வருஷம் ஆடு வெட்டியிருக்கீங்க. ஆடுங்கதான் கொழுத்து வந்துச்சு, நம்ம வீடு அப்படியேதான் இருக்கு" என்றாள். வாழ்த்து என்றால் அவளிடம் இப்படித்தான் வரும்.

ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். கடைத்தெருவில் கேட்டால் வியாபாரம். பள்ளிவாசலில் கேட்டால் அல்லாஹ்வின் நாட்டம். தூத்துக்குடியில் கப்பலேறும்போது கேட்ட உத்தியோகஸ்தரிடம் "சின்னாப்பாவைப் பார்க்கப் போறேன்" என்றேன். என் வாப்பாவுக்குத் தம்பியே கிடையாது. உண்மையான காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் அங்கேதான் நின்றீர்கள். தெரியாதவர்களுக்கு இந்தக் குறிப்பு முடிவதற்குள் நானே சொல்லிவிடுவேன். ஒளித்து வைக்க இனி ஒன்றுமில்லை.

பேச்சுகூட மாறிவிட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது, இங்கே சிங்களவர்கள் 'சரி' என்பதற்குச் சொல்லும் 'ஹரி'யை வாய் தவறி நாலைந்து தடவை சொல்லிவிட்டேன். பெரிய மாமா என்னைத் தனியே கூட்டிப் போய், "சேகு, மார்க்கத்துலதானே இருக்கே?" என்று கேட்டார். "ஹரி மாமா" என்றேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

மாறாதது என் காலை வேலை ஒன்றுதான். வெல்லஸ்ஸப் பக்கமிருந்து ஆடுகள் நடந்தே மலையேறி வரும். சுபுஹுத் தொழுகை முடிந்து அறுப்பேன். உரித்துத் தொங்கவிட்டதும், தலையை முன்பலகையில் தெருவைப் பார்க்க வைப்பேன். ஊரில் நீங்கள் கேட்டு வாங்குவதுதான். கண் தெளிந்து, நாக்கு வெளுத்திருந்தால் முறையாக அறுத்த ஆடு. கண்ணில் ரத்தம் கட்டி, நாக்கில் நீலம் பாய்ந்திருந்தால் தானாகச் செத்த ஆடு. உடம்புக் கறி பொய் சொல்லும், தலை சொல்லாது. பதுளையில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே நான் வைக்கிறேன்.

2

பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை என்றால் எனக்கு அருளப்பன்தான். தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிறவர். திருச்சிப் பக்கத்து வேதக்காரர். வாரம் மூன்று பவுண்டு ஆட்டுக்கறி வாங்குவார். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். வெட்டுவதற்குப் பத்து நிமிஷம், மற்றது பேச்சு. சவுக்காரப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அவருக்கென்றே வைத்திருந்தேன். தலை இருக்கும் பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். நான் தலையைக் காட்டப் போனால், "அதை எதுக்குத் தூக்கிக்கிட்டு? உங்க மூஞ்சியப் பாத்தாப் போதாதா பாய்?" என்பார். என் மூஞ்சிக்கு அவ்வளவு மதிப்பு வேறெங்கும் கிடைத்ததில்லை. வீட்டில் நிச்சயமாக இல்லை.

இந்த இடத்தில் என் மச்சான் சாகுல் வருகிறான். ஜெய்னம்புவின் அண்ணன். எட்டு வருஷத்துக்கு முன் நானே கடிதம் எழுதி, நானே வழிச்செலவு அனுப்பி வரவழைத்தவன். வந்தவன் என் கடைக்கு நேர் எதிரே பலசரக்குக் கடை போட்டான். அதுவரை பொறுத்துக்கொண்டேன். யுத்தம் முடிந்த மறுவருஷம் அந்தக் கடைக்கு டின் கறி வந்தது.

பட்டாளத்துக்கென்று எந்தத் தேசத்து ஆலையிலோ அடைத்து, யுத்தம் முடிந்ததால் மிஞ்சிய சரக்கு. கொழும்பில் எந்தக் கிட்டங்கியில் எத்தனை கோடை கிடந்ததோ தெரியாது. பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் பதுளைக்கு வந்து இறங்கியது. ஒவ்வொரு டின்னிலும் வழவழவென்று ஒரு காகிதம். அதில் பச்சைப் புல்வெளியில் ஒரு செம்மறி ஆடு நின்று சிரித்துக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சிரித்தது. என் கடைக்கு வந்த ஆடு ஒன்றுகூட இத்தனை வருஷத்தில் சிரித்ததில்லை.

மச்சான் அந்தக் கறியைத் தொடமாட்டான். பிஸ்மில்லா சொல்லி அறுத்தது யாரென்றே தெரியாத கறி. ஆனாலும் மசூதிக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்து விற்றான். தான் தின்னாததை ஊருக்கு விற்கிறானே என்று ஜெய்னம்புவிடம் சொன்னேன். "நீங்க போடாத வளையலை வளையல்காரன் விக்கலியா?" என்று கேட்டாள். அண்ணன் என்று வந்துவிட்டால் அவள் வக்கீல்.

போதாததற்கு என் மகள் ஹலீமா. பத்து வயது, மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பள்ளிவிட்டதும் நேரே மாமா கடைக்குப் போய், டின்னில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டுவாள். "எலும்பில்லாதது! சுத்தமானது! திறந்ததும் சாப்பிடலாம்!" என்று அவள் தமிழில் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், வயிறும் எரியும். என் கடையில் வாசிக்க எழுத்து ஏது? ஆட்டின் நெற்றியிலா எழுதியிருக்கிறது?

ஒரு சனிக்கிழமை அருளப்பன் முதலில் எதிர்க் கடைக்குப் போய்விட்டு என்னிடம் வந்தார். மடக்கிய குடை வயிறு வீங்கிக் கிடந்தது.

"என்ன கணக்கப்பிள்ளை, குடை முழுகாம இருக்கா?"

அவர் சிரிக்க முயன்றார். "ஒண்ணுமில்ல பாய். வீட்டுல ஒருதடவ ருசி பாக்கணும்னாங்க. ஒரு பவுண்டு மட்டும் வெட்டுங்க."

அன்று அவர் பெட்டியில் உட்காரவில்லை.

3

கறி விற்பனை குறைந்ததில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்தப் பெட்டி காலியாகக் கிடந்ததுதான் பொறுக்கவில்லை. அதனால் வாய்ச் சண்டையில் இறங்கினேன்.

கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: "டின்னுக்குத் தலை ஏது?" முதல் வாரம் அது கிழட்டு ஆட்டுக் கறி என்றேன். இரண்டாம் வாரம் பட்டாளத்துக் குதிரை என்றேன். மூன்றாம் வாரம் நான் சொன்ன மிருகம் எதுவென்று எனக்கே இப்போது நினைவில்லை. அதற்கு வால் இருந்தது.

ஆனால் என் பொய்களுக்கு நடுவே சனங்களின் பயம் மெய்யாகவே இருந்தது. குழாயடியில் ஒரு பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "காலைல வச்ச குழம்பு சாயந்தரம் நொரைக்குது. இது ரெண்டு வருஷம் கெடாம இருக்குதாமே! அப்ப உள்ள என்னத்தப் போட்டிருப்பான்?" அவள் கேள்விக்குப் பதில் யாரிடமும் இல்லை. யார் அறுத்தது, எப்போது அறுத்தது, நோயில் விழுந்ததா, கையைக் கழுவினானா, ஒன்றும் தெரியாது. ஊரில் கறி கெட்டிருந்தால் கறிக்கடைக்காரனின் சட்டையைப் பிடிக்கலாம். டின்னுக்கு எந்தத் தேசத்துக்குப் போய் யார் சட்டையைப் பிடிப்பது?

இதை யோசித்துச் சொல்லியிருந்தால் நாலு பேர் கேட்டிருப்பார்கள். நானோ குதிரைக்கும் வாலுக்கும் போய்விட்டேன். சாகுல் கடையிலிருந்தே கத்துவான்: "மச்சானுக்கு வயிறு எரியுது! வாங்க மச்சான், ஓமத் தண்ணி இருக்கு, சொந்தக்காரருக்குச் சும்மா தர்றேன்!" தெரு சிரிக்கும். நல்ல நகைச்சுவைதான். அதை நான் சொல்லவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகு, டின்னைச் சோதிக்கச் சொல்லிச் சர்க்காருக்கு மனு. தமிழில் எழுதிக் கொண்டுபோனேன். இங்கிலீஷில் வேண்டும் என்றார்கள். எழுத்தரிடம் இங்கிலீஷில் எழுதி வாங்கிக் கொண்டுபோனேன். முத்திரை ஒட்டவில்லை என்றார்கள். ஒட்டிக் கொண்டுபோனேன், ஒட்டிய பக்கம் தப்பு என்றார்கள். ஒரு வழியாகச் சுகாதார உத்தியோகஸ்தர் வந்தார். எதிர்க் கடையில் டின்களைப் பார்த்தார். மூடி மூடியிருந்தது. திருப்தியோடு தலையாட்டினார். திரும்பி என் கடையைப் பார்த்தார். ஈ இருந்தது. முன்பக்கம் முழுவதும் கம்பிவலை அடிக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அடித்தேன். அடித்த பிறகுதான் தெரிந்தது, நெருக்கமான அந்த வலைக்குப் பின்னால் ஆட்டுத் தலை ஒரு கறுப்பு மூட்டையாகத்தான் தெரிகிறது என்று. டின்னுக்குத் தலை ஏது என்று கேட்டவன் கடையிலும் தலை காணாமல் போனது. சாகுல் அன்று எனக்குத் தேநீர் வாங்கி அனுப்பினான்.

4

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஹலீமா துள்ளிக்கொண்டு சொன்னாள்:

"வாப்பா, கணக்கப்பிள்ளை மாமா இன்னைக்கு ஒரு டஜன் டின் வாங்கிட்டுப் போனாங்க. நாளைக்கு அவங்க பாப்பாவுக்கு ஞானஸ்நானமாம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் எல்லாம் வர்றாங்களாம்."

கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. அருளப்பனுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. அது வயிற்றில் இருக்கும்போதே அந்த விருந்துக்கு எந்த ஆடு என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தவன் நான். எனக்கு அழைப்பும் இல்லை, என் ஆட்டுக்கும் இல்லை.

ஹலீமா இன்னும் முடிக்கவில்லை. "நான்தான் வாப்பா எடுத்துக் குடுத்தேன். நல்ல கொழுத்த டின்னாப் பாத்து."

"கொழுத்த டின்னா?"

"ஆமா. சிலது சப்பையா இருக்கும். சிலது ரெண்டு பக்கமும் பொம்முனு இருக்கும்ல, கறி நெறையா இருக்குறது. நம்ம மாமா அதத் தனியா அடுக்கி வச்சிருக்காங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. வெல கொஞ்சம் கூட."

நம் ஆட்கள் ஆடு வாங்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இடுப்பில் கைவைத்து அமுக்கி, திரண்டிருந்தால் வாங்குவார்கள். கோழி என்றால் நெஞ்சைத் தடவிப் பார்ப்பார்கள். அதே கையோடு டின்னையும் தடவியிருக்கிறார்கள். திரண்டிருந்தால் நல்லது என்று எடுத்திருக்கிறார்கள். பட்டாளத்தில் இருந்தவன் எவனாவது பதுளையில் இருந்திருந்தால் சொல்லியிருப்பான். இங்கே டின் பழகியவர்கள் யாருமில்லை.

கையைக் கழுவாமல் எதிர்க் கடைக்குப் போனேன். தனியடுக்கிலிருந்து ஒரு டின்னை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். 'டொக்'கென்று உள்ளே போனது. விரலை எடுத்தேன். 'டொக்'கென்று வெளியே வந்தது. இந்த வீக்கத்தை நான் இதற்கு முன் ஒருதடவை தொட்டிருக்கிறேன்.

"மச்சான், இது செத்த ஆடு."

"டின்னுக்குள்ள உசுரோட ஆடு இருக்குமா மச்சான்?" கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"விளையாடாதே. உள்ள அழுகி ஊதியிருக்கு. கணக்கப்பிள்ளைக்குக் குடுத்தது பூராவும் இதுதான்."

"போன மாசம் குதிரைன்னீங்க. இந்த மாசம் ஊதிப்போச்சா?" என்றவன், பிறகு என்னை அரிசி மூட்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னான்: "ஊதுன வயித்தப் பத்தி நீங்க பேசலாமா? தொண்டிக் கதைய எட்டு வருஷமா இந்தத் தெருவுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கேனா? போய்ச் சாப்பிடுங்க."

உண்மை. அவன் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை எழுதாமலும் விடலாம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. தின்னட்டும். பெரிய கிளாக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடட்டும். பதுளையில் டின் கறியின் கதை நாளையோடு முடியும். அடுத்த சனிக்கிழமை அருளப்பன் பெட்டியில் வந்து உட்காருவார். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். கொஞ்ச நேரம் அந்தச் சந்தோஷத்தில் சாய்ந்து கிடந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

எதிர்க் கடைப் பேச்சு ஜெய்னம்புவின் காதிலும் விழுந்திருந்தது. தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் புள்ளைக்குத் தாய்ப்பால்தானே?"

சாய்ந்து கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்க பொறாமைல சொன்னீங்களா, நெசமாச் சொன்னீங்களா?"

"ரெண்டும்தான்."

"அப்ப நெசத்துக்காகப் போங்க. பொறாமை தானாக் கூட வரும், அதைக் கூப்பிட வேணாம்."

5

விடிந்ததும் கிளம்பினேன். விருந்தில் கறி இல்லாமல் போய்விடக் கூடாதே என்று, நான் மனசில் குறித்து வைத்திருந்த அந்தக் கிடாயையும் ஓட்டிக்கொண்டு போனேன். கறுப்பு ஆடு, ஒரு காது மட்டும் வெள்ளை. இதைவிட முட்டாள்தனமான யோசனை என் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை என்பதைத் தோட்டத்தை நெருங்கும்போதுதான் உணர்ந்தேன். டின் கெட்டுப்போச்சு என்று சொல்ல வருகிறவன் கையில் ஆட்டுக் கயிறு! வழியில் விட்டுவிடலாம் என்றால் கிடாய்க்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது. காலோடு காலாக ஒட்டிக்கொண்டே வந்தது.

கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல். கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். குழந்தை வெள்ளைத் துணியில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் பெரிய சட்டியில் வெங்காயம் வதங்கியது. பக்கத்து விசுப்பலகையில் பன்னிரண்டு டின்களும் வரிசையாக, பெரிய மனிதர்கள் மாதிரி தொப்பையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. உளியும் சுத்தியலும் தயாராக இருந்தன.

"வாங்க பாய்!" என்று எழுந்த அருளப்பனின் கண் கயிற்றின் வழியாக ஆட்டுக்குப் போனது. முகம் மாறியது.

நான் வாயைத் திறப்பதற்குள் விருந்தாளி ஒருவர் சொன்னார்: "பாய் ஆட்டோட வந்திருக்காரு. இப்ப டின்னப் பத்தி ஒரு கதை சொல்லுவாரு பாருங்க."

சொன்னேன். பந்தலே சிரித்தது. சொல்ல வந்ததைச் சிரிப்புக்கு நடுவே மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை நான் சொன்னது எனக்கே பொய் மாதிரி கேட்டது.

அருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கைவைத்து ஓரமாக அழைத்துப் போனார். "கூப்பிடலன்னு கோவமா பாய்? தப்புதான். டின்ன வாங்கிட்டு உங்க மூஞ்சியில முழிக்கக் கூச்சமா இருந்துச்சு. அதுக்காக இன்னைக்கு ஒரு நாளாச்சும் யாவாரத்த விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

கோபம்தான், ஆமாம், பொறாமைதான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உள்ளே உளியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"கணக்கப்பிள்ளை, நான் ஏன் தலைய முன்னால வைக்கிறேன்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்ல. இப்பச் சொல்றேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

ஊரில் உள்ளவர்களே, நீங்கள் நின்று பார்த்ததைத்தான் சொன்னேன். தொண்டியில் ஒரு வெள்ளிக்கிழமை. எதிர்க் கடைக்காரர் விடிவதற்குள் இரண்டு கிடாய் தொங்கவிட்டுக் கூட்டம் சேர்த்துவிட்டார். என் பட்டியில் இருந்தது ஒரே ஆடு. அது செத்துக் கிடந்தது, வயிறு மத்தளம்போல் ஊதி. அமுக்கினால் உள்ளே போய் வெளியே வந்தது. எதிர்க் கடைக் கூட்டத்தைப் பார்த்தேன். என் கண் அவிந்துபோனது. ஆட்டை உரித்தேன். தலையை வெட்டிக் கழிமுகத்தில் எறிந்தேன். உடம்பைத் தொங்கவிட்டேன். முதலில் வந்தவர் கேட்டார்: "தலை எங்கே?" வித்துப்போச்சு என்றேன். "யாருக்கு? நான்தானே முதல் ஆளு?" என்றார். யாரும் வாங்கவில்லை, யாரும் தின்னவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். அடுத்த மாதம் நான் கப்பலில் இருந்தேன்.

"அந்த வயித்தை அமுக்கின விரல் இது" என்றேன். "நேத்து எதிர்க் கடையில டின்ன அமுக்கினதும் இதே விரல்தான்."

அடுப்பில் வெங்காயம் தீய்ந்தது. அருளப்பன் விசுப்பலகைக்குப் போய் ஒரு டின்னை எடுத்து அமுக்கினார். டொக். விட்டார். டொக். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை.

"வயித்தெரிச்சல்ல சொல்றாரு தம்பி" என்றார் முதலில் பேசிய விருந்தாளி.

"அடுத்தவனைக் கெடுக்குறதுக்குப் பொய் சொல்லலாம்ணே" என்றார் அருளப்பன். "தன் பொழப்பைக் கெடுத்துக்குறதுக்கு யாரு பொய் சொல்வாங்க? சாக்குல கட்டுங்க எல்லாத்தையும்."

அப்போதுதான் என் கையில் கயிறு இருப்பது எல்லாருக்கும் நினைவு வந்தது. கிடாய் ஒருதடவை கத்தியது. எனக்கும் நினைவு வந்தது. "வேணும்னா..." என்று ஆரம்பித்தேன்.

குழந்தையின் தாய்தான் பதில் சொன்னாள், ரொம்ப மரியாதையாக: "வேணாங்க பாய். தப்பா நெனச்சுக்காதீங்க. பருப்பு இருக்கு, முட்டை இருக்கு. போதுங்க."

செத்த ஆட்டை விற்கப் பார்த்ததாக இப்போதுதானே வாயால் சொன்னேன். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? குழந்தையைப் பார்த்து வாழ்த்திவிட்டுத் திரும்பினேன். போகும்போது கிடாயை நான் இழுத்துப் போனேன். வரும்போது அதுதான் என்னை இழுத்து வந்தது.

6

திங்கட்கிழமை அருளப்பன் சாக்கோடு வந்து சாகுல் கடையில் இறக்கினார். என் கடைப்பக்கம் திரும்பவில்லை. சாகுலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் சரக்கு கெட்டதா? எல்லாரும் பாருங்க!" என்று தெருவில் இறங்கி, ஒரு டின்னை நிமிர்த்தி வைத்து உளியால் ஒரே அடி அடித்தான்.

உஸ்ஸ்ஸென்று அது பாம்பாகச் சீறி மச்சானின் தாடியெல்லாம் தெறித்தது. நாற்றத்தில் தெருவே காலியாயிற்று. ஹலீமா என் வலைக்குப் பின்னால் ஓடிவந்து ஒளிந்தாள். "அதையா வாப்பா நான் எடுத்துக் குடுத்தேன்?" என்று அழுதாள். நீ மட்டுமா ஏமாந்தாய், ஊரே ஏமாந்தது என்று சொல்லித் தேற்றினேன்.

ஜெயித்தேன் என்று நினைப்பீர்கள். கேளுங்கள். சாகுல் முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஊதிய டின்கள் அத்தனையையும் ஊருக்கு முன்னால் குழி தோண்டிப் புதைத்தான். வாங்கியவர்களைத் தேடிப்போய்ச் சொன்னான். ஒரே வாரத்தில் அவனுக்கு 'நாணயமான முதலாளி' என்று பெயர் வந்துவிட்டது. இப்போது சப்பை டின்களை அடுக்கி, வாங்குகிறவர்களையே அமுக்கிப் பார்க்கச் சொல்கிறான். கட்டைவிரல் வித்தை என்னுடையது, வியாபாரம் அவனுடையது. அந்தச் சப்பை டின்களில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை என்பதுதான் என்னை மேலும் வாட்டுகிறது.

எனக்கும் ஒரு பெயர் வந்தது. "செத்த ஆட்டு பாய்." தொண்டிக் கதையைச் சாகுல் எட்டு வருஷம் பொத்தி வைத்தான், நான் ஒரே காலையில் தெமோதரை முதல் பதுளை வரை பரப்பிவிட்டேன். மூன்று சனிக்கிழமை பெட்டி காலியாகக் கிடந்தது. கிடாயையும் விற்க மனம் வரவில்லை. "ஆட்டை வளர்க்குற கறிக்கடைக்காரர் உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் ஜெய்னம்பு.

நேற்று நாலாவது சனிக்கிழமை. குடையை ஊன்றிக்கொண்டு அருளப்பன் வந்தார். எதிர்க் கடைக்குப் போகவில்லை. வலைக்கு முன்னால் நின்றார்.

"அன்னைக்குக் கூட்டிட்டு வந்தீங்களே, ஒரு காது வெள்ளையா. அது இருக்கா பாய்?"

"இருக்கு."

"அதையே அறுங்க. அத எனக்குத் தெரியும்."

அறுத்தேன். உரித்துத் தொங்கவிட்டு, வழக்கம்போல் தலையைப் பலகையில் வைத்தேன். மூன்று பவுண்டு வெட்டக் கத்தியை எடுத்தபோது அவர் சொன்னார்:

"அந்த வலையக் கொஞ்சம் தூக்குங்க. தலையப் பாக்கணும்."

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் வலையைத் தூக்கினேன். அவர் குனிந்து கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். வெள்ளைக் காதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சவுக்காரப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை பலகையைப் பார்த்து உட்கார்ந்தார்.

நான் வெட்ட ஆரம்பித்தேன். பேச்சும் மெல்ல வந்தது: குழந்தைக்குப் பல் வரப்போகிறது, தோட்டத்தில் மழை, பெரிய கிளாக்கருக்கு மாற்றல். அவர் என்னோடுதான் பேசினார். ஆனால் அடிக்கடி அவர் பார்வை போய்ப் போய் நின்றது அந்த ஆட்டின் மூஞ்சியில்தான். டின்னில் தொடங்கிய என் பொறாமை கடைசியில் அந்தக் கிடாயிடம் வந்து நிற்கிறது.